எழுப்பியல்: எருமப்பட்டி வட்டாரப் பொதுவிட இலக்கணம்

பாயிரம்

பொதுவிடங்களைப் பகுத்துப் பெயரிடும் வேலையை வருவாய்த் துறை என்றோ முடித்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலரின் 'அ' பதிவேட்டைப் புரட்டினால் நத்தம் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, களத்துப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு என்று வரிசையாக வரும். தொல்காப்பியருக்கு நான்கு நிலம் போதுமாயிருந்தது. சர்வேயருக்குப் போதவில்லை.

ஆயினும் இப்பகுப்பில் ஒரு குறை உண்டு. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அது சொல்லும். அந்த நிலத்தில் யார் உட்காரலாம் என்று சொல்லாது. எனவே இந்நூல் வேறோர் அளவுகோலைக் கையில் எடுக்கிறது: ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து "எந்திரி" என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? அந்த உரிமை ஒருவருக்கும் இல்லையென்றால் அது முழுப் பொதுவிடம். ஒருவருக்கு இருந்தால் தனியிடம். சிலருக்கு மட்டும் இருந்து, அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லத் தேவையே இல்லையென்றால், அதற்குத் தனியாக ஓர் அதிகாரம் வேண்டும். கீழே வருகிறது.

நூலின் எல்லை: வடக்கே கொல்லிமலை, தெற்கே காவிரி, மேற்கே நாமக்கல் கோட்டை, கிழக்கே துறையூர் போகும் சாலை. நடுவில் எருமப்பட்டி. ஊர் பேரூராட்சி. சுற்றியுள்ள ஊராட்சிகளின் ஒன்றியத்துக்கும் அதே பெயர்தான். 1997 வரை சேலம் மாவட்டம், பிறகு நாமக்கல் மாவட்டம். கருப்பொருள்: சின்ன வெங்காயம், நிலக்கடலை, மரவள்ளிக் கிழங்கு, கோழிப்பண்ணை, லாரி. உரிப்பொருள்: காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும்.

இந்நூலால் பயன் என்னை எனின், கூறுதும். நம் பாடநூல்களின் முதல் பக்கத்தில் தீண்டாமைக்கு எதிரான மூன்று வரிகள் அச்சாகி வருகின்றன. மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும். அதையே உடம்பு கற்றுக்கொள்ள ஒரு பெஞ்சு வேண்டும், அதில் முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், அவரை எழுப்ப நமக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. குடிமைப் பண்பு என்று பெரியவர்கள் சொல்வதெல்லாம் இந்த ஏற்பாட்டின் விளைச்சல் என்பது நூலாசிரியர் துணிபு.

திண்ணையும் ஈரத்துணியும்

திண்ணை பொதுவிடம் அன்று. வழிப்போக்கருக்காகக் கட்டியது என்று சொல்லிப் பெருமூச்சு விடும் கட்டுரைகள் ஆண்டுக்கு ஒரு டஜன் வருகின்றன. எந்த வழிப்போக்கர், எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று அவை கேட்பதில்லை. வீட்டுக்காரர் எழுப்பலாம், எழுப்பினார். இப்போது அந்த இடத்தில் கிரில் கேட் நிற்கிறது. மேலே செல்க.

டீக்கடை பெஞ்சு நுட்பமானது. அங்கே உரிமை காசால் வருகிறது, காசு தீர்ந்தால் போகிறது. ஆனால் ஒரு டீ எவ்வளவு நேரம் செல்லும் என்பதில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கிளாஸ் காலியாகும் வரை என்பார் ஒரு சாரார். நாளிதழ் முடியும் வரை என்பார் மற்றொரு சாரார். பின்னவர் கூற்றே வழக்கோடு பொருந்துகிறது. நாளிதழ் அங்கே முழுதாக இருப்பதில்லை. நான்கு தாளாகப் பிரிந்து நான்கு கைகளில் இருக்கும். "அந்த நடுத்தாளைக் கொஞ்சங் குடுங்ணா" என்று கேட்டு வாங்குகிற ஆள், கொடுத்த அண்ணனை அதற்கு முன் பார்த்தே இருக்க மாட்டார். ராசிபலன் பக்கத்தை வைத்திருப்பவருக்கு மட்டும் கொஞ்சம் செருக்கு இருக்கும்.

கடைக்காரர் ஒருநாளும் "எந்திரிங்க" என்று சொல்வதில்லை. ஈரத்துணியை எடுத்து வந்து பெஞ்சைத் துடைக்கத் தொடங்குவார். துடைத்துக்கொண்டே நம்மை நோக்கி நகர்வார். குறிப்பறிந்தவர் எழுவார், அறியாதவர் நனைவார்.

திராவிட இயக்கம் ஊர் ஊராகப் பரவிய காலத்தில் டீக்கடைகளும் முடிதிருத்தகங்களும் படிப்பகங்களும் செய்த வேலை சிறியதன்று. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, அறியாத பத்துப் பேர் கேட்டு வாதாடினார்கள். அதே டீக்கடைகளில்தான் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இரட்டைக் குவளையும் இருந்தது. பெஞ்சில் ஒரு சாரார், வெளியே குத்தவைத்து ஒரு சாரார். உலக அரசியல் பேசிய வாய் பக்கத்தில் தொங்கிய தனிக் குவளையைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே டீக்கடையை முழுப் பொதுவிடம் என்று எழுத இவ்வாசிரியரின் பேனா மறுக்கிறது. பாதிப் பொது எனக் கொள்க.

சொல்லாமல் எழுப்புதல்

அரசும் வேம்பும் பின்னி வளர்ந்த மரத்தடியில் ஒரு மேடை, மேடையில் பிள்ளையார், பிள்ளையாருக்கு அருகில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கீறிய கோடுகள். பதிவேட்டின்படி இது ஊருக்குப் பொது. நிழலின்படியும் பொது. வழக்கின்படி? இங்கேதான் மேலே சொன்ன தனி அதிகாரம் தொடங்குகிறது.

இவ்வகை இடத்தில் யாரும் யாரையும் எழுப்பியதாகச் சாட்சி கிடைக்காது. எழுப்ப வேண்டிய நிலையே வராதபடி ஒரு சாரார் உட்காரவே மாட்டார்கள். காலனியிலிருந்து கடைக்கு வரும் பெரியவர் மேடையைக் கடந்து போய், சாலை ஓரத்து மைல்கல்லின் மேல் உட்காருவார். ஏன் என்று கேட்டால், "இங்க காத்து நல்லா வருதுங்க" என்பார். காற்றின் திசை அங்கே பரம்பரையாக ஒன்றுதான்.

சட்டம் இதை அறியாததன்று. பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எதற்குள்ளும் ஒடுக்கப்பட்ட சாதியார் செல்வதைத் தடுக்கக் கூடாது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924. அதே ஆண்டு அரசாணையும் வந்தது. நூறாண்டு ஆகிவிட்டது. சாலை பொது என்று தனியாக ஒரு தீர்மானம் போட வேண்டியிருந்த நாடு இது என்பதைத் திண்ணைப் பெருமை பேசுவோர் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

உள்ளாட்சியின் தொன்மைக்கு எல்லோரும் மேற்கோள் காட்டும் உத்திரமேரூருக்கும் இந்த அளவுகோலை நீட்டிப் பார்ப்போம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பொதுச் சொத்துக்குத் தனித்தனிக் குழுக்கள். கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்ற விதி இன்றைக்கும் மூக்கில் விரல் வைக்கத் தகுந்தது. ஆனால் குடத்தில் ஓலை விழ, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். ஏரியைத் தூர்வாரக் கூடை சுமந்தவர் பெயர் எந்த ஓலையிலும் ஏறியிருக்காது. மேடை பெரிது, உட்காருவோர் பட்டியல் சிறிது.

நிழற்குடை

பேருந்து நிழற்குடையை இந்நூல் 'எழுப்பாத, ஆனால் உட்காரவும் விடாத' இடம் என்று வகுக்கிறது. அதன் உறுப்புகள் மூன்று. ஒன்று, தொகுதி மேம்பாட்டு நிதியின் தொகையும் வழங்கியவர் பெயரும் எழுதிய நெற்றி. இரண்டு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டிய முதுகு. மூன்று, இருக்கை என்று பெயர்பெற்ற இரும்புக் குழாய்.

பெரும்பாலும் மேற்கு பார்த்துக் கட்டியிருப்பார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே வந்து அமர்ந்துகொள்ளும். அதை எழுப்ப ஆளில்லை. பயணிகள் நிழற்குடையின் பின்பக்கம் போய், அதன் முதுகு தரும் நிழலில், சாக்கடை ஓரமாக நிற்பார்கள். பஸ் வரும் சத்தம் கேட்டதும் சுற்றிக்கொண்டு ஓடிவருவார்கள். நிழற்குடையால் நிழல் கிடைக்கிறது என்பது மெய்யே, உள்ளே கிடைக்கும் என்று யாரும் வாக்களிக்கவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வைட் நியூயார்க் நகரச் சதுக்கங்களில் கேமராவைப் பொருத்திப் பல ஆண்டு படம்பிடித்து, 1980-ல் ஒரு நூல் எழுதினார். அவருடைய பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று: உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள். சிரிக்க வேண்டாம். நம் ஒப்பந்ததாரர்களுக்கு அச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

நிழற்குடையின் குறையைப் பஸ் ஈடுசெய்கிறது. பஸ் ஓடும் பொதுவிடம். டிக்கெட் எடுத்தவரை நடத்துநர்கூட எழுப்ப முடியாது. மகளிர், முதியோர் இருக்கை என்று எழுதிய இடத்தில் மட்டும் எழுப்பலாம், அதுவும் பலவீனருக்காக. சாதிக்காகவும் பணத்துக்காகவும் எழுப்பிய நாட்டில் வயதுக்காக எழுப்பும் ஒரு விதியைத் தகரத்தில் பெயின்ட் அடித்து எழுதிவிட்டார்களே, அது சின்ன விஷயமா? 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபிறகு இந்த ஓடும் இடத்தில் குடியிருப்போர் தொகுதி மாறியிருக்கிறது. வெங்காயக் கூடையோடு நாமக்கல்லுக்குப் போகிற அம்மாவும், கல்லூரிக்குப் போகிற பெண்ணும், ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டியும் ஒரே இருக்கையில் மூன்று பேராக நெருக்கி அமர்ந்து, இறங்குவதற்குள் ஒருவர் குடும்ப வரலாற்றை மற்றவர் முழுதும் அறிந்திருப்பார்கள்.

கையில் ஒரு பொருள்

இதுவரை சொன்ன இடங்களில், பஸ் நீங்கலாக, உட்கார்ந்திருந்தவர் அனைவரும் ஆண்கள். இது நூலாசிரியர் கண்ணின் குறையா, ஊரின் குறையா என்று ஐயுறுவோர் எந்த மாலையிலும் எந்தக் கடைவீதியிலும் நின்று பார்த்துத் தெளியலாம்.

பெண்கள் வெளியிடத்தில் கூடுவதற்கு ஒரு விதி உண்டு: கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும். குடம் இருந்தால் குழாயடி. அட்டை இருந்தால் ரேஷன் கடை. பிள்ளையின் பை இருந்தால் பள்ளி வாசல். மண்வெட்டி இருந்தால் நூறு நாள் வேலை. வெறுங்கையோடு மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இலக்கணத்தில் இடமில்லை. யாராவது ஒருவர் வந்து, "என்னம்மிணி, இங்க உக்காந்திருக்கே, வூட்ல எதாச்சுமா?" என்று கேட்டுவிடுவார். அக்கேள்வியும் எழுப்புதலின் ஒரு வகையே. பரிவால் எழுப்புதல் என்க.

இவற்றுள் மண்வெட்டி வகை தனிச்சிறப்புடையது. ஒன்றியத்தின் ஊராட்சிகளில், ஏரிக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ, பெண்கள் பகலில் வட்டமாக அமர்ந்து சாப்பிடும் காட்சியை அத்திட்டம்தான் கொண்டுவந்தது. தூக்குப்போசியைத் திறந்ததும் குழம்பு கை மாறும். யார் வீட்டுக் குழம்பு யார் தட்டுக்குப் போகிறது என்று கூர்ந்து பார்த்தால் ஊர் எவ்வளவு மாறியிருக்கிறது, எவ்வளவு மாறவில்லை என்று இரண்டும் தெரியும். வேலை நடக்கவில்லை, உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்று குறைசொல்வோர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் அதை டீக்கடையில் உட்கார்ந்து சொல்கிறார்கள். பேரூராட்சி எல்லைக்குள் அத்திட்டம் இல்லை. எனவே எருமப்பட்டிப் பெண்களுக்கு ஊர் பெரிதானதில் ஒரு மர நிழல் குறைந்தது.

பந்தி

இனி அரசுப் பள்ளி. இங்கே வந்ததும் நூலாசிரியர் கேலியைக் கொஞ்சம் அடக்கிக்கொள்கிறார்.

பள்ளிப் பெஞ்சில் அமர்ந்த பிள்ளையை எழுப்ப ஆசிரியருக்கு உரிமை உண்டு, கேள்வி கேட்பதற்காக. மறுபடி உட்காரவைக்கும் கடமையும் அவருக்கே உண்டு. வேறு யாருக்கும் அந்த உரிமை இல்லை. பண்ணையார் மகனுக்கும் பண்ணையாள் மகளுக்கும் ஊரில் வேறெங்கும் கிடைக்காத ஏற்பாடு இது. அது தானாக வந்துவிடவில்லை. 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் காலத்தில் தொடங்கி, 1956-ல் காமராஜரின் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-ல் காலை உணவு என்று சோற்றைக் காட்டித்தான் அந்தப் பெஞ்சு நிரம்பியது. பசிக்குப் போட்டார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. எதிரும் புதிருமாகத் தரையில் இரண்டு வரிசை போட்டு, தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரே அண்டாவிலிருந்து வரும் கரண்டிக்காகக் காத்திருந்தது பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். இந்த மாவட்டத்துக்கு அதில் இன்னொரு தொடர்பும் உண்டு. தட்டில் விழும் முட்டை இந்தப் பக்கத்துப் பண்ணைகளின் பிழைப்பு.

அந்தப் பந்தியையும் கலைக்கப் பார்த்தவர்கள் உண்டு. 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில் சமைக்க வந்த பெண்ணைச் சாதி சொல்லித் தடுத்தார்கள். வழக்காயிற்று. பிள்ளைகளை வரிசையிலிருந்து எழுப்ப முடியாதவர்கள் அடுப்படியிலிருந்து ஒருவரை எழுப்பிப் பார்த்தார்கள்.

ஊரே பள்ளியைத் தன்னுடையது என்று நினைத்த ஒரு காலமும் இருந்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கொடுத்தார்கள். முடியாதவர்கள் சுவர்க் கடிகாரமும் சிலேட்டும் மணியும் பெஞ்சும் கொடுத்தார்கள். கொடுத்தவர் பெயர் பெஞ்சின் முதுகில் எழுதப்பட்டது. எழுத்துகளைப் பல தலைமுறைச் சட்டைகள் தேய்த்து அழித்தன. இத்தகைய அழிவே கொடையாளிக்குக் கிடைக்கும் உயர்ந்த புகழ் என்பது இந்நூலின் கருத்து. இப்போது பெயரைக் கிரானைட்டில் வெட்டுகிறார்கள், தேய்வதில்லை.

மாலை நாலரைக்கு மேல் பள்ளி மைதானம் வேறு திணையாக மாறும். ஒரு மூலையில் கைப்பந்து, ஒரு மூலையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட். விடிகாலையில் சர்க்கரை நோய்க்கு நடப்பவர்கள். அவர்களைச் சுற்றி, காவலர் தேர்வுக்கு ஓடும் இளைஞர்கள். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஓர் ஆள் ஓட, ஓர் ஆள் செல்போனில் நேரம் பார்க்க, நடக்கிற பெரியவர், "முட்டியத் தூக்கு தம்பி" என்பார். அவருக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தத் தம்பி வேலைக்குப் போனால் ஊரில் முதலில் சொல்லப்போவது அவர்தான்.

சாவி

இனி இரண்டாம் அளவுகோல். யார் எழுப்பலாம் என்பது முதலாவது. சாவி யாரிடம் என்பது இரண்டாவது.

மைதானத்தில் இரவில் பாட்டில் உடைகிறது, காலையில் பிள்ளை காலில் கண்ணாடி குத்துகிறது. எனவே சுற்றுச்சுவர் வேண்டும் என்பது நியாயம். சுவர் வந்தால் கேட், கேட் வந்தால் பூட்டு. பூட்டு வந்தபின் நடப்பவரும் ஓடுபவரும் சாலைக்குப் போகிறார்கள், சாலையில் முட்டை லாரி போகிறது. பாட்டில்காரர் சுவரேறிக் குதிக்கக் கற்றுக்கொள்கிறார். ஆக, பூட்டு யாரைத் தடுக்கிறது என்றால், சுவரேற முடியாத முழங்கால் வலிக்காரரைத்தான்.

நூலகத்திலும் இதுவே கதை. எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948-லேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது, சுதந்திர இந்தியாவில் முதலாவது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. துறை தன் பங்குக்கு நூலகங்களை முழு நேரக் கிளை, கிளை, ஊர்ப்புறம், பகுதி நேரம் என்றெல்லாம் அழகாக வகைப்படுத்தியிருக்கிறது. 2006-ல் வந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்கு 20 லட்சம் ரூபாய் என்று ஐந்தாண்டில் 12,618 ஊராட்சிகளையும் எட்டி, நூலகமும் விளையாட்டுத் திடலும் கட்டியது. அவற்றுள் பல நெடுங்காலம் பூட்டிக் கிடந்தன. ஆகவே துறையின் பட்டியலில் இன்னொரு வகையைச் சேர்க்கலாம்: சாவி நேர நூலகம். சாவி வைத்திருப்பவர் ஊரில் இருக்கும் நேரம் திறந்திருக்கும்.

பூட்டே கூடாது என்பதும் நடவாது. எலினார் ஆஸ்ட்ரம் பொதுவளங்களைப் பற்றிய ஆய்வுக்காக 2009-ல் நோபல் பரிசு பெற்றார். ஏரியோ காடோ, பயன்படுத்துவோரே விதி செய்து, தமக்குள் கண்காணித்து, மீறியவருக்குச் சிறுகச் சிறுகத் தண்டனை கூட்டும் இடத்தில்தான் அது நிலைக்கிறது என்று காட்டினார். பள்ளி மேலாண்மைக் குழு அதற்காகவே இருக்கிறது. இருபத்துநான்கு உறுப்பினர், தலைவர் ஒரு தாய். பெரும்பாலும் கூட்டம் கழிப்பறையோடும் கையெழுத்தோடும் முடிகிறது. மைதானச் சாவியை விடிகாலை ஐந்து மணிக்கு வாங்கி ஏழு மணிக்குத் திருப்பித் தரும் ஒரு நடைப்பயிற்சிக்காரரின் பெயரை அந்தத் தீர்மான நோட்டில் எழுத எவ்வளவு மை ஆகும்?

ஒழிபு

கிராம சபை ஓர் இடமா, நிகழ்ச்சியா என்பது வழக்கு. சுற்று ஊராட்சிகளுக்கு ஆண்டுக்கு ஆறு முறை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேரூராட்சியாகிய எருமப்பட்டிக்குக் கிடையாது. கிராம சபையின் நிகழ்ச்சி நிரலைவிட அதை எங்கே கூட்ட வேண்டும் என்ற விதியே இந்நூலுக்கு உகந்தது. மதச்சார்புள்ள வளாகத்தில் கூட்டக் கூடாது. ஒரே இடத்திலேயே கூட்டாமல் குக்கிராமங்களுக்கிடையே சுழற்சி முறையில் கூட்ட வேண்டும். அரசாங்கம் எழுப்பியலைப் படித்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்று குறைவெண் வரம்பும் வகுத்திருக்கிறார்கள். வரம்பை எட்டாதபோது வருகைப் பதிவேடு வீடு வீடாக நடந்து போய் எட்டிவிடும்.

இவ்விதிப்படி கூட்டம் காலனிக்கு வரும் முறையில், நாற்காலிகள் வாடகைக்கு வந்து பந்தலின் கீழ் வரிசையாகப் போடப்படும். ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் வருவார்கள். சிலர் நாற்காலியில் உட்காராமல் பைக்கின் மேல் சாய்ந்து நிற்பார்கள். ஏன் என்று கேட்டால், "இங்க காத்து நல்லா வருது" என்று அவர்களும் சொல்லக்கூடும். அவர்களை உட்காரவைக்கும் முறையை இந்நூல் ஆராயவில்லை. காலி நாற்காலிகளில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், ஊராட்சிச் செயலர் வரவு செலவு வாசித்து முடிக்கும் வரை.